மனு கொடுத்தாயிற்று, பதில்?

2009 செப்டம்பர் 2. ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து காலையில் ஹெலிகாப்டரில் கிளம்பிய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி வந்து இறங்கவேண்டிய இடம், அன்றைய சித்தூர் மாவட்டத்து அனுப்பள்ளி என்ற கிராமம். 'ரச்சபண்ட' என்ற திட்டத்தை அங்கிருந்து தொடங்குவதாக இருந்தார். ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்தது. உடன் வந்த நால்வரோடு முதல்வரும் இறந்துபோனார்.

தெலுங்கு ஊர்களில் அரசமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ போட்டிருக்கும் கல்மேடைக்குத்தான் ரச்சபண்ட என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தும் அங்கேதான், வெட்டிப்பேச்சும் அங்கேதான். ரேஷன் வருகிறதா, பென்ஷன் கைக்குச் சேருகிறதா, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்பதையெல்லாம் முதல்வரே அந்த மேடையில் உட்கார்ந்து ஜனங்களிடம் கேட்பதாகத் திட்டம். அனுப்பள்ளிக்காரர்களுக்கு அன்று கேட்க எத்தனையோ இருந்திருக்கும். கேட்டுக்கொள்ள ஆள் வரவில்லை.

ஜனங்களைக் கேட்கிறோம் என்று சொல்லி ஆந்திர அரசுகள் நடத்திய திட்டங்களுக்குக் குறைவே இல்லை. சித்தூர் மாவட்டத்து நாராவாரிப்பள்ளியில் பிறந்து குப்பத்தில் 1989 முதல் ஜெயித்துவரும் சந்திரபாபு நாயுடு, 1997 ஜனவரியில் 'ஜன்மபூமி' தொடங்கினார். ராஜசேகர ரெட்டி போட்ட ரச்சபண்டத் திட்டத்தைப் பிறகு நடத்தியவர் கிரண்குமார் ரெட்டி. பீலேரு தொகுதிக்காரர், அவரும் அன்றைய சித்தூர் மாவட்டத்தவர்தான். 2019-இல் ஜெகன்மோகன் ரெட்டி 'ஸ்பந்தன' என்றார். 2023 மே மாதம் அதற்கே 'ஜெகனன்னாவிடம் சொல்லுவோம்' என்று புதுப்பெயர் வைத்து 1902 என்ற தொலைபேசி எண்ணும் கொடுத்தார். நாயுடு திரும்பி வந்ததும் 'பிரஜா சமஸ்யல பரிஷ்கார வேதிகா' ஆனது. பெயர்ப்பலகை மாறுகிறது. திங்கட்கிழமை காலை கலெக்டர் அலுவலக வாசலில் மனுவும் கையுமாக நிற்கிற கூட்டம் மாறவில்லை.

அங்கே நிற்பவர்களை அரசியல் தெரியாதவர்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2024 மே 13 அன்று ஆந்திரத்தில் 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. அதே பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டில் 69 விழுக்காடுதான். பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 சட்டமன்றத் தொகுதிகளில் 2019-இல் 13 தொகுதிகள் ஜெகன் கட்சிக்குப் போயின, குப்பம் மட்டும் நாயுடுவுக்கு மிஞ்சியது. ஐந்தே வருடத்தில் 12 தொகுதிகள் நாயுடுவின் கூட்டணிக்கு வந்தன. ஜெகனுக்குப் புங்கனூரும் தம்பள்ளப்பள்ளியும்தான் மிச்சம். இவ்வளவு வேகமாகத் தீர்ப்பை மாற்றி எழுதுகிறவர்கள் டீக்கடையில் சும்மா பேசிவிட்டுப் போகிறவர்கள் இல்லை. கட்சிக்காரர்கள் மாறுகிற வேகமும் குறைவில்லை. 2019-இல் ஜெகன் கட்சியில் சித்தூர் எம்.எல்.ஏ. ஆன ஆரணி சீனிவாசுலு, 2024-இல் ஜனசேனா கட்சியில் திருப்பதி எம்.எல்.ஏ. ஆனார்.

இந்தப் பகுதியின் வாதங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே எல்லாவற்றையும் எல்லைக்கு அந்தப் பக்கத்தோடு ஒப்பிடுவார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்து உருவாக்கிய மாவட்டம் இது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அன்றுவரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். பெண் கொடுத்து எடுத்த உறவு இன்றும் இருக்கிறது. ஆகவே நகரியில் ஒரு கிழவிக்கு எவ்வளவு பென்ஷன் என்பது திருத்தணியில் இருக்கும் அவள் தங்கைக்குத் தெரியும். 2024 ஜூலை முதல் தேதி ஆந்திரத்தில் முதியோர் பென்ஷன் 4,000 ரூபாய் ஆனது; முந்தைய மூன்று மாதப் பாக்கியும் சேர்த்து அன்று 7,000 கையில் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் அதை 1,200 ஆக்கினார்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் தனி. எந்தப் பக்கம் பிழைப்பு மேல் என்ற பேச்சு கல்யாண வீட்டுப் பந்தியிலேயே தொடங்கிவிடும்.

இலவசப் பஸ்ஸும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2021-லேயே நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகிவிட்டது. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 அன்று 'ஸ்திரீ சக்தி' வந்தது. ஆனால் மாநிலம் தாண்டும் பஸ்ஸில் அது செல்லாது. சித்தூர்ப் பெண்ணுக்குத் திருப்பதி போனால் டிக்கெட் இல்லை, வேலூர் போனால் உண்டு. வைத்தியத்துக்கு அவள் போவது பெரும்பாலும் வேலூருக்குத்தான்.

வைத்தியம் என்ற பேச்சு வந்துவிட்டால் இந்த ஊர்களில் குரல் மாறிவிடுகிறது. சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர், திருப்பதி அதைப்போல இரண்டு மடங்கு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இந்த மாவட்டமே தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறது. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டத்தைப் பிரித்தபோது ருயா அரசு ஆஸ்பத்திரி, திருமலை தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி எல்லாம் திருப்பதி மாவட்டத்தோடு போய்விட்டன. மிச்சமிருக்கும் சித்தூருக்கு அந்தத் தரத்தில் சொந்தமாக ஓர் அரசு ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்பதை யாராலும் மறுக்கமுடியாது.

அந்த ருயாவில் நடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. 2021 மே 10 இரவு கோவிட் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய டேங்கர் லாரி தாமதம். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள்; அதற்குள் 11 பேர் இறந்திருந்தார்கள். எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. ராயலசீமை முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் ஆஸ்பத்திரி அது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் உயிர்க்காற்று இன்னொரு மாநிலத்து லாரி வந்து சேருவதை நம்பி இருந்தது.

அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் பத்து வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகக் கோளாறால் இறந்தான். வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். தகப்பன் மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறவர். வேண்டியவர்கள் அனுப்பிய வெளி ஆம்புலன்ஸை அந்த ஆட்கள் உள்ளே விடவில்லை. மகன் உடலை மோட்டார் சைக்கிளில் வைத்துச் சுமார் 90 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போனார் அந்த மனிதர். அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து உடலை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'மகாபிரஸ்தானம்' வண்டித் திட்டம் அப்போதே ஆந்திரத்தில் இருந்தது. திட்டம் இருந்தும் அந்தத் தகப்பனுக்கு வண்டி இல்லை. மாநிலமே கொதித்தது. ஆம்புலன்ஸ்காரர்களைக் கைது செய்தார்கள், விசாரணை நடந்தது. நாயுடு அன்று எதிர்க்கட்சித் தலைவர். ஜெகன் அரசைக் கடுமையாகச் சாடினார். இன்று அந்த நாற்காலிகள் இடம் மாறிவிட்டன. ஆகவே கேள்வியும் முகவரி மாறிப் போகிறது: ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்குக் கட்டணம் நிர்ணயிப்பவர் யார், மீறினால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் ஏழை யாரைக் கூப்பிடவேண்டும்?

இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வேறொரு சண்டைக்குள் காணாமல்போகின்றன. 'கொடுத்தது யார்' என்ற சண்டை அது. குப்பத்துக்குக் கிருஷ்ணா தண்ணீர் வந்த கதை அதற்கு நல்ல உதாரணம். ஸ்ரீசைலத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, பல இடங்களில் மேலேற்றிக் கொண்டுவரும் ஹந்திரி-நீவா கால்வாயின் கடைசி முனை குப்பம். 2024 பிப்ரவரி 26 அன்று, தேர்தலுக்கு முன், ஜெகன் வந்து தண்ணீர் திறந்தார். அது ஒரு நாள் கூத்து, தண்ணீர் நின்றுவிட்டது என்றது நாயுடுவின் தெலுங்கு தேசம் கட்சி. 2025 ஆகஸ்ட் 30 அன்று நாயுடு வந்து ஆரத்தி எடுத்துத் தண்ணீரை வரவேற்றார். இரண்டு முதல்வர்கள் இரண்டு முறை திறந்த ஒரே கால்வாய்! என் வயலுக்கு வருடத்தில் எத்தனை நாள் தண்ணீர் வரும் என்று விவசாயி கேட்பதற்கு இந்தச் சண்டையில் இடமே இல்லை.

ரேஷனும் அப்படி. 2021-இல் வீட்டு வாசலுக்கு ரேஷன் வேன் வந்தது, 2025 ஜூனில் வேன் போய்க் கடை திரும்பி வந்தது. வாசலுக்கு வந்தது வசதி என்பது ஒரு கட்சி. வேன் எந்தத் தெருவில் எப்போது நிற்கும் என்று வேலையை விட்டுக் காத்துக்கிடந்தோம் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் தெருவாரியாக யாராவது கேட்டார்களா என்பதுதான் என் ஆதங்கம்.

திருப்பதிக்கு இன்னொரு பாரம். தினமும் அறுபது எழுபதாயிரம் பக்தர்கள் மலையேறுகிறார்கள். அவர்கள் மிதிக்கும் சாலை, குடிக்கும் தண்ணீர், போடும் குப்பை எல்லாம் கீழே உள்ள மாநகராட்சியின் பொறுப்பு. தேவஸ்தான பட்ஜெட்டில் ஒரு விழுக்காட்டை ஊர் வளர்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று 2023 அக்டோபரில் தேவஸ்தான வாரியம் தீர்மானம் போட்டது. கோயில் பணம் ஊர்ச் சாலைக்குப் போகக் கூடாது என்று பாஜக எதிர்த்தது, மாநில அரசும் அனுமதிக்கவில்லை. உண்டியல் காசு பக்தர்களுக்கே என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2025 ஜனவரி 8 இரவு வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காக நெரிசலில் சிக்கி ஆறு பேர் இறந்தது மலை மேலே இல்லை, கீழே திருப்பதி நகரத்துக்குள். நகரத்தைச் சீராக வைப்பதும் பக்தருக்குச் செய்யும் சேவைதான்.

டெல்லி அரசியலும் இங்கே வீட்டுக் கணக்கில் வந்துவிடும். மாநிலம் பிரிந்தபோது, 2014 பிப்ரவரி 20 அன்று பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் ஆந்திரத்துக்கு ஐந்து வருடம் சிறப்பு அந்தஸ்து என்று சொன்னார். அந்த ஏப்ரல் 30-இல் மோடியும் நாயுடுவும் பவன் கல்யாணும் திருப்பதி தாரகராமா மைதானத்தில் ஒரே மேடையில் நின்றார்கள். அந்தஸ்து வரவில்லை. 2018 ஏப்ரல் 30 அன்று அதே மைதானத்தில் நாயுடு கண்டனக் கூட்டம் போட்டு, மோடியின் பழைய பேச்சுகளைத் திரையிட்டார். சித்தூர் எம்.பி. சிவபிரசாத் நடிகர், நாடாளுமன்ற வளாகத்துக்கு நாரதர் வேடத்திலும் ஹிட்லர் வேடத்திலும் வந்து அந்தஸ்து கேட்டார். நாடே படம் பிடித்தது. 2019 செப்டம்பரில் அவர் காலமானார். 2024-இல் நாயுடுவின் 16 எம்.பி.க்களையும் நம்பி மோடி ஆட்சி நிற்கும் நிலை வந்தது. தலைநகர் அமராவதிக்கு அந்த ஜூலை பட்ஜெட்டில் 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு அறிவித்தார்கள். சிறப்பு அந்தஸ்து என்ற சொல்லே மேடைகளிலிருந்து மறைந்தது. காளஹஸ்தி பக்கம் மன்னவரத்தில் 2010 செப்டம்பர் 1 அன்று மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டிய மின்கருவித் தொழிற்சாலை திட்டமிட்ட அளவில் எழவே இல்லை. ஐ.ஐ.டி. வந்தது, ஐசர் வந்தது, உண்மை. வேலைக்குப் பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயிலேறும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மன்னவரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஜனங்களின் கேள்வி அரசியல் சண்டைக்குள் காணாமல்போவது, 2025 ஜூனில் மாங்காய் விலை விழுந்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கூழ் ஆலைகள் வாங்கும் தோத்தாபுரி, நம் பக்கத்துப் பெங்களூரா மாங்காய்தான். ஆலைக்காரர் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திரம் அறிவித்தது. கர்நாடக மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 9 அன்று ஜெகன் பங்காருபாளையம் வந்தார், மாங்காய் சாலையில் கொட்டியது, அது நாடகமா நிஜமா என்று ஒரு வாரம் வாதம். மத்திய அரசு 1.62 லட்சம் டன்னுக்கு விலை வித்தியாசத்தில் பாதியை ஏற்பதாகச் சொன்னது. இத்தனை பேர் பேசியதில், 8 ரூபாய் தர மறுத்த ஆலை மீது என்ன நடவடிக்கை என்பதுதான் விவசாயிகள் கேட்டது.

சரி, மனுவுக்கு வருவோம். வேலூர் கலெக்டர் அலுவலகத்திலும் திங்கட்கிழமைதான் மனு வாங்குகிறார்கள். எல்லைக்கு இரு பக்கத்து வாசகர்களுக்கும் நான் சொல்லுவது ஒன்றே. கட்சிச் சண்டை போடுங்கள், அது நம் உரிமை. அதோடு, மனு கொடுத்தால் ரசீது எண் இல்லாமல் வாசலை விட்டு நகராதீர்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்: என் மனு எந்த மேசையில் இருக்கிறது, அந்த அதிகாரியின் பெயர் என்ன, பதவி என்ன? முப்பது நாளில் பதில் தந்தாகவேண்டும். ஆந்திரத்தில் கிராம அளவிலான அலுவலகத்தில் இதற்குக் கட்டணமே இல்லை, மண்டல அலுவலகத்தில் 5 ரூபாய், மாவட்டத்தில் 10 ரூபாய். தமிழ்நாட்டில் எங்கே கேட்டாலும் 10 ரூபாய்.