இங்கே ஓ.டி. உண்டு... ஓ.பி. கிடையாது!

‘ஓ.டி.’ன்னு சொன்னதுமே, கல்ச்சுரல்ஸுக்குக் கிளம்பறதுக்காக ஹெச்.ஓ.டி. ரூம் வாசல்ல தவம் கிடந்து வாங்குற ‘ஆன் டூட்டி’ ஞாபகம் வருதா? ஸாரி பாஸ், இது வேற ஓ.டி. ஆக்குபேஷனல் தெரபி!

பக்கவாதத்தில் கை விழுந்தவரை மறுபடியும் தானே சட்டை பட்டன் போட வைப்பது, பென்சில் பிடிக்கத் தடுமாறும் குழந்தைக்கு எழுத வழி கண்டுபிடிப்பது, விபத்தில் விரல்களை இழந்தவருக்குக் காய்கறி நறுக்கப் பழக்குவது... இதெல்லாம்தான் இவங்க வேலை. நம்ம ஊர்லயும் பி.ஓ.டி. படிக்கிறாங்க. அதில் அமெரிக்கக் கனவோடு புத்தகம் புரட்டுறவங்களும் உண்டு. அவங்களுக்கு ஒரு தகவல்: அங்கே போனாலும் படிப்பு உங்களை விடாது!

டிகிரி ஒரு தடவை... லைசென்ஸ் பல தடவை!

அமெரிக்காவில் ஓ.டி. ஆக, முதலில் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசிய அமைப்பு நடத்தும் தேர்வில் பாஸ் பண்ணணும். அப்புறம் வேலை செய்யப்போகும் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கணும். ‘அப்பாடா’ன்னு உட்கார முடியாது. அந்த லைசென்ஸுக்கு எக்ஸ்பயரி டேட் உண்டு. புதுப்பிக்க ஃபீஸ் கட்டினா மட்டும் போதாது, இடைப்பட்ட காலத்தில் என்ன படிச்சீங்கன்னும் கணக்குக் காட்டணும்.

கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2 வருஷத்துக்கு 24 யூனிட். டெக்சஸில் 2 வருஷத்துக்கு 24 மணி நேரம். ஃப்ளோரிடாவில் அதே 2 வருஷத்துக்கு 26. நியூயார்க்கில் 3 வருஷத்துக்கு 36. இது தவிர, பெயருக்குப் பின்னால் ‘ஓ.டி.ஆர்.’ என்று போட்டுக்கொள்ள விரும்பினால், என்.பி.சி.ஓ.டி.க்குத் தனியாக 3 வருஷத்துக்கு 36 யூனிட் காட்டணும். ஆக, பல பேருக்குச் சுவரில் ரெண்டு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும்!

கலிஃபோர்னியாவில் இன்னொரு கூத்து. லைசென்ஸ் காலாவதியாவது நீங்க பிறந்த மாசத்தின் கடைசி நாளில். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பர்த்டே ட்ரீட்டோடு இந்தக் கவலையும் சேர்ந்து வரும். காலாவதியான லைசென்ஸை வெச்சுக்கிட்டு பேஷன்ட்டுக்கு சிகிச்சை தர முடியாதே!

எது செல்லும்... எது செல்லாது?

கலிஃபோர்னியாவில் பாதி யூனிட்டாவது நேரடியாக ஓ.டி. சிகிச்சை சம்பந்தப்பட்டதாக இருக்கணும். கிளாஸில் உட்கார்ந்தால்தான் யூனிட் என்றில்லை. பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை பார்த்தாலும் உண்டு.

ஃப்ளோரிடாவில் 2 மணி நேரம் மருத்துவத் தவறுகளைத் தடுப்பது பற்றியும், 2 மணி நேரம் மாநிலச் சட்டவிதிகள் பற்றியும் படிச்சே ஆகணும். ஆள் கடத்தலுக்கு ஆளானவர்களை அடையாளம் காண்பது பற்றியும் ஃப்ளோரிடா, டெக்சஸ் இரண்டிலும் பயிற்சி உண்டு. சிகிச்சை அறை என்பது, அப்படிப்பட்டவர்கள் வெளி ஆளைச் சந்திக்கிற அபூர்வமான இடமாக இருக்கலாமே.

டெக்சஸ் ரொம்பக் கறார். செமினாரில் டீ பிரேக், லஞ்ச், அறிமுக உரை எல்லாம் கணக்கில் வராது. முதலுதவி வகுப்புக்கும் மார்க் இல்லை. சும்மா போய் பிரியாணி சாப்பிட்டுட்டு சர்டிஃபிகேட்டோடு வர்ற கதையெல்லாம் அங்கே நடக்காது!

ஏன் இந்த டார்ச்சர்?

ஒரே ஓர் உதாரணம் போதும். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை மக்கர் பண்ணும். நல்ல கை எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும். கொஞ்ச நாளில், பாதிக்கப்பட்ட கை அசைய முடிந்தாலும் அதை உபயோகிக்கிற பழக்கமே போய்விடும். எட்வர்ட் டாப் என்ற ஆராய்ச்சியாளர் இதைத் தலைகீழாக்கினார். நல்ல கையைக் கட்டிப்போடு, மக்கர் பண்ணும் கையை வேலை வாங்கு!

அமெரிக்காவில் 222 பேரிடம் இதைச் சோதித்தார்கள். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது அசையக்கூடியவர்கள் அவர்கள். சிகிச்சை பெற்ற குழுவினர், 2 வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிக்கொண்டு, இன்னொரு கைக்குத் தீவிரப் பயிற்சி எடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது. அந்த முன்னேற்றம் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. முடிவு வெளியானது 2006-ல்.

இப்போ யோசிங்க. 1985-ல் பட்டம் வாங்கிய ஒருத்தர், அதோடு புத்தகத்தை மூடியிருந்தால்? அவரிடம் வரும் பேஷன்ட்டுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் போயிருக்கும். நஷ்டம் அவருக்கு இல்லை, அந்தக் கைக்கு!

ஓட்டையும் இருக்கு!

உண்மையைச் சொல்லணும். மணி நேரத்தை எண்ணலாம், மண்டைக்குள் ஏறியதை எண்ண முடியாது. ஆன்லைனில் வீடியோவை ஓடவிட்டுட்டு பக்கத்தில் துணி மடிக்கிறவங்களுக்கும் சர்டிஃபிகேட் வந்துடும். ஆடிட்டில் சிக்கினாலும் பேப்பர் பக்காவா இருக்கும்.

பிரிட்டனில் ரூட்டே வேற. அங்கே ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பு மணிக்கணக்கே கேட்பதில்லை. 2 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, 2.5 சதவிகிதம் பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்து, ‘நீங்க கத்துக்கிட்டதால உங்க பேஷன்ட்டுக்கு என்ன லாபம்? எழுதிக் கொடுங்க’ன்னு கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன்னு சொல்றது ஈஸி. இதுக்குப் பதில் எழுதறதுதான் கஷ்டம். ஆனா, சரியான கேள்வி இதுதான்!

அட்டெண்டன்ஸுக்காக லாஸ்ட் பெஞ்சில் உட்கார்றது நமக்கு நல்லாவே தெரிஞ்ச கலை. ஓ.டி.யாகப் போறவங்க அதைக் காலேஜோடு விட்டுடறது நல்லது. சர்டிஃபிகேட்டை எல்லாம் தேதிவாரியா ஒரு ஃபைல்ல போடுங்க. விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஒவ்வொரு முறையும் அந்த மாநில போர்டு சொல்றதைப் பாருங்க. முக்கியமா, கடைசி வாரத்தில் சீப்பா கிடைக்கிற கோர்ஸை எடுக்காம, போன மாசம் உங்களைத் திணற வெச்ச பேஷன்ட்டை மனசுல வெச்சு கோர்ஸைத் தேர்ந்தெடுங்க.

24 மணி நேரம்கறது போர்டு போட்ட கணக்கு. எதிரே ஒருத்தர் சட்டை பட்டனோடு போராடிக்கிட்டு உங்க முகத்தைப் பார்ப்பார் பாருங்க... பாஸா, ஃபெயிலான்னு அங்கே தெரிஞ்சுடும்!