உடலில் ஏறும் துருவும் போத்தலில் அடைத்த விற்றமின்களும்

கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரூட்டிங் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், எமது மக்கள் மரக்கறி வாங்கும் கடைகளுக்கு அருகிலேயே மருந்துக் கடைகளும் உள்ளன. அவற்றின் தட்டுகளில் விற்றமின் 'ஈ', விற்றமின் 'சி', பீற்றா கரற்றீன் எனப் பலவகைக் குளிசைகள் அடுக்கப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். எமது குடும்பங்கள் பலவற்றில் இப்போத்தல்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. மிச்சம்பிடித்த காசில் வாங்கி ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவோரும் உளர். இவை காப்பாற்றுமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விடயம்.

நாம் கலைப்பட்டதாரி, இரசாயனம் எமது துறையன்று. ஆயினும் ஒட்சியேற்றம் என்னும் சொல்லை ஊரில் சாதாரண தரம் படித்த எவரும் மறந்திருக்கமாட்டார். இரும்பு துருப்பிடிப்பது ஒட்சியேற்றம். வெட்டிய கத்தரிக்காய் கறுத்துவிடும் என்று எமது தாய்மார் அதனைத் தண்ணீரில் போட்டுவைப்பதும் அதே ஒட்சிசனுக்கு அஞ்சியேயாகும்.

உடலிலும் இது நிகழ்கிறது. பெரும்பாலான கலங்களினுள் இழைமணிகள் எனப்படும் நுண்ணிய உறுப்புகள் உணவையும் ஒட்சிசனையும் கொண்டு சக்தியை உண்டாக்குகின்றன. அவ்வேளையில் ஒட்சிசனின் சிறு பகுதி இணையில்லாத இலத்திரனுடன் வழிதவறி விடுகிறது. இத்தகையவற்றையே சுயாதீன மூலிகங்கள் என்பர். இவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கிச் சிதைக்கின்றன. முதுமைக்கு இவையே காரணம் என்னும் கருத்தை அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் 1956 இல் முன்வைத்தார். இவற்றை அடக்கும் நொதியம் ஒன்று உடலிலேயே உண்டென்பதை மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர் 1969 இல் காட்டினர். தாக்குதல் மிகுந்து காவல் குறையும் நிலைக்கு 'ஒட்சியேற்ற அழுத்தம்' என்று 1985 இல் பெயரிட்டவர் ஜேர்மனியரான ஹெல்முட் சீஸ். மூலிகங்கள் முற்றிலும் பகையுமல்ல. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே ஆயுதமாகக் கொள்கின்றன.

ஆகவே எதிர் ஒட்சியேற்றிகளைக் குளிசையாக விழுங்கினால் நன்மை பயக்கும் என்று எண்ணுவது இயல்பே. விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. 1994 இல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. பீற்றா கரற்றீன் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற வேறொரு பரிசோதனை 1996 இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. அங்கும் தீங்கே மிகுந்தது. இந்நாட்டில் 20,536 பேருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் விற்றமின் 'ஈ', 'சி', பீற்றா கரற்றீன் ஆகியவற்றையோ அவை போன்ற போலிக் குளிசைகளையோ கொடுத்துப் பார்த்தனர். விற்றமின் பெற்றோருக்கு மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை என்பது 2002 இல் வெளிவந்த முடிவு. புகைபிடித்துக்கொண்டே 'விற்றமின் போடுகிறேன்தானே' என்று சமாதானம் சொல்லும் அண்ணன்மார் பின்லாந்துச் செய்தியை இருமுறை வாசிப்பது நன்று. சிகரெட் புகையின் ஒவ்வோர் இழுப்பிலும் எண்ணிலடங்காத மூலிகங்கள் உட்செல்கின்றன. அதனை நிறுத்துவதற்கு ஈடான குளிசை எதுவும் கிடையாது.

எமது சமூகத்துக்கு இவ்விடயம் ஏனையோரைவிட நெருக்கமானது. மேற்கு இலண்டனின் சவுத்தோலில் நடைபெற்று 1991 இல் வெளியான ஆய்வு, தென்னாசியரிடையே வயிற்றுப் பருமனும் நீரிழிவும் ஐரோப்பியரைவிட அதிகம் என எடுத்துக்காட்டியது. குருதியில் சீனி ஏறுந்தோறும் இழைமணிகளில் மூலிகங்கள் பெருகி, குருதிக்குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. பெற்றோல் நிலையத்தில் இரவு முழுவதும் நின்று, விடியற்காலையில் வந்து கோப்பை நிறைய வெள்ளைச் சோறு உண்டு உடனே படுக்கும் எமது இளைஞர்களை எண்ணும்போது மனம் பதைக்கிறது. வேலையை மாற்றுவது எல்லோர்க்கும் இயலாது. சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவது இயலும்.

இவ்விடத்தில் எமது அடுக்களையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை யாவும் ரூட்டிங்கில் கிடைக்கின்றன. இராசவள்ளிக் கிழங்கின் ஊதா நிறமே ஓர் எதிர் ஒட்சியேற்றிதான். சொதியை இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடவேண்டும் என்பது எமது வழக்கம். கொதியில் விட்டால் கைக்கும் என்பார்கள். விற்றமின் 'சி' வெப்பத்தில் அழியக்கூடியதாகையால் அவ்வழக்கத்தில் வேறொரு நன்மையும் இருக்கிறது. இதே பொருள்கள் உணவாக உட்செல்லும்போது நார்ப்பொருளும் வேறு பல சத்துக்களும் கூடவே செல்கின்றன. குளிசையில் அவை இல்லை. ஆனால் வடை பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுபடி மறுபடி காய்ச்சுவது நல்லதன்று. அவ்வெண்ணெய் ஒட்சியேற்றமடைந்து கெட்டுவிடுகிறது. சிக்கனம் என்பார்கள், இந்தச் சிக்கனம் வேண்டாம்.

உடற்பயிற்சியின்போது மூலிகங்கள் தற்காலிகமாகப் பெருகுகின்றன. அதனை உணர்ந்தே உடல் தன் காவல் நொதியங்களைக் கூட்டிக்கொள்கிறது. ஜேர்மனியில் 2009 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பயிற்சியோடு விற்றமின் 'சி', 'ஈ' குளிசைகளைப் பெருமளவில் உட்கொண்ட இளைஞர்களுக்கு இன்சுலின் தொடர்பான பயன் கிட்டாமற் போயிற்று. நடப்பதற்கு எமக்கு இடமும் அண்மையிலுண்டு. கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு அருகிலுள்ள வோண்டில் பூங்காவிலிருந்து ஆற்றோரமாக மோர்டன் ஹோல் பூங்கா வரை நடந்து செல்லலாம். வாகனப் புகையும் ஒட்சியேற்ற அழுத்தத்தை உண்டாக்குவதால் பெருந்தெருவைவிட ஆற்றோரமே சிறந்தது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பது இங்குள்ள வைத்தியர்களின் ஆலோசனை.

ஒரு குளிசைக்கு மாத்திரம் விலக்குண்டு. எமது நிறத்தினருக்கு இந்நாட்டு வெயில் போதாது. ஆகையால் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் 'டி' ஆண்டு முழுவதும் உட்கொள்வது பற்றி எண்ணுமாறு அரசாங்கமே கூறுகிறது. மற்றப் போத்தல்களுக்குச் செலவிடும் பணத்தைப் பழக்கடையில் கொடுக்கலாம். இருதய நோயோ நீரிழிவோ ஏற்கனவே கண்டறியப்படாத, 40 முதல் 74 வயது வரையிலானோருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் குப்பையில் போடவேண்டாம். வராவிட்டால் உங்கள் வைத்தியர் நிலையத்தில் விசாரியுங்கள். ஆங்கிலம் சிரமமெனில் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.