ஒரு விளம்பரம்... மறுநாளே வந்த வரித்துறைக் கடிதம்!

1966, ஜூன் 9. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம். கிராண்ட் கேன்யன் பகுதியில் கொலராடோ ஆற்றின் குறுக்கே இரண்டு அணைகள் கட்ட அமெரிக்க அரசு திட்டமிட்டிருந்தது. 'அதைத் தடுக்க அரசுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் எழுதுங்கள்' என்று வாசகர்களை அழைத்தது அந்த விளம்பரம். கொடுத்தது, 'சியரா கிளப்' என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு.

மறுநாளே வரித்துறையிடமிருந்து கடிதம். 'இனி உங்களுக்குத் தரப்படும் நன்கொடைக்கு வரிச்சலுகை நிச்சயமில்லை' என்பதே அதன் சாராம்சம். அந்த ஆண்டு முடிவதற்குள் சலுகை ரத்தானது.

அப்படி என்ன தப்பு?

நம் ஊரில் 80ஜி ரசீது வாங்குவதுபோல, அங்கும் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால் வரி குறையும். அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை உண்டு. சட்டங்களை மாற்றச் சொல்லி அழுத்தம் கொடுப்பது, அதாவது 'லாபியிங்', அமைப்பின் பணியில் கணிசமான பங்காக இருக்கக் கூடாது. இது 1934-ல் வந்த விதி.

'கணிசம்' என்றால் எவ்வளவு? சட்டத்தில் அளவு இல்லை. அதனால் பல அமைப்புகள் வாய் திறக்கவே பயந்தன.

1976-ல்தான் கணக்கு தெளிவானது. விரும்பும் அமைப்புகள் புதிய முறையைத் தேர்வு செய்யலாம். ஆண்டுச் செலவு 5 லட்சம் டாலர் என்றால், அதில் 20 சதவிகிதம், அதாவது 1 லட்சம் டாலர் வரை லாபியிங்குக்குச் செலவிடலாம். எவ்வளவு பெரிய அமைப்பானாலும் உச்சவரம்பு 10 லட்சம் டாலர். மீறினால், கூடுதல் தொகைக்கு 25 சதவிகித வரி. மிக அதிகமாக மீறிக்கொண்டே போனால் சலுகையே போய்விடும். தேவாலயங்களுக்கு இந்த முறை கிடையாது. பழைய 'கணிசம்' விதிதான்.

தேர்தல் என்றால் கறார்!

வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ கூடவே கூடாது. பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன், செனட்டராக இருந்தபோது 1954-ல் கொண்டுவந்த திருத்தம் இது. கட்சி சாராமல் வாக்காளர்களைப் பதிவு செய்ய உதவலாம்.

வரிச்சலுகை என்பது அரசு விட்டுக்கொடுக்கும் பணம். ஒருவரின் அரசியல் கருத்துக்கு மற்றவர்கள் ஏன் பங்கு தர வேண்டும் என்பது ஒரு வாதம். களத்தில் நின்று பிரச்னையை அறிந்தவர்களின் வாயைக் கட்டலாமா என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சரி, சியரா கிளப் என்னவானது? சலுகை போனதால் பெரிய நன்கொடைகள் குறைந்தன. ஆனால், செய்தி பரவி சாதாரண மக்கள் உறுப்பினர்களாகக் குவிந்தார்கள். 1968-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த இரண்டு அணைகளும் இல்லை!