மலைநாட்டுத் தோட்டப் பாதைகளும் துவிச்சக்கர வண்டியும்

மலைநாட்டிலே துவிச்சக்கர வண்டியா என்று வியப்பவர் நேயர்களுள்ளும் சிலர் இருப்பர். யாழ்ப்பாணத்தில் அது வீட்டுக்கு வீடு உண்டு. நிலம் பலகைபோற் கிடக்கும் ஊர்களுக்கே அது தகும், லிந்துலைக்கும் அட்டனுக்கும் தகாது என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பாதி உண்மை. மலையின்மேல் நேராக ஏறுவோனுக்கு வண்டி சுமைதான். ஆயினும் நம் தோட்டத்துப் பழைய பாதைகள் மலையை நேராக ஏறுவதில்லை.

ஏன் என்று பார்ப்போம். இம்மலைகளில் முதலிற் கோப்பியும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின் தேயிலையும் பயிராயின. புகையிரதம் அட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. அதற்கு முன்னரும், தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடையே அதற்குப் பின்னரும், சுமை இழுத்தது மாட்டுக் கரத்தையே. மாட்டின் வலிமைக்கு ஓர் எல்லையுண்டு. ஆகவே பாதை வகுத்தவர்கள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, சிறிது சிறிதாக உயரும்படி அதனை அமைத்தனர். மாடு இழுக்கத்தக்க சாய்வு மனிதனின் கால் மிதிக்கவும் தக்க சாய்வாயிற்று.

கணக்கிட்டுக் காட்டினால் விளங்கும். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை என்று கொள்வோம். நூறு மீற்றர் தூரத்தில் மூன்று மீற்றர் உயரும் பாதையில் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரமே நம்மைப் பின்னுக்கு இழுக்கும். அதே தூரத்தில் பத்து மீற்றர் உயருமாயின் எட்டுக் கிலோ இழுக்கும். நானுஓயா நிலையத்திலிருந்து நுவரெலியா நகர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர். உயர்வு ஏறக்குறைய 250 மீற்றர். அது நூற்றுக்கு மூன்று என்ற கணக்குத்தான். பின்சக்கரத்திற் பெரிய பற்சக்கரம் பூட்டிய வண்டியானால், நிதானமாக மிதிப்பவர் இறங்கித் தள்ளவேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

இப்பாதைகளுக்காகப் பாறை உடைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்த நம் முன்னோர். வளைவு வகுத்த துரைமாரின் பெயரைத் தோட்டங்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மண் வெட்டியவரின் பெயர் எந்த வளைவிலும் இல்லை. இது போகிற போக்கிற் சொல்லும் செய்தியே எனினும், அவ்வழியே செல்வோர் அறிந்திருப்பது நலம்.

இனி வழிகளைச் சொல்வேன். அட்டனிலிருந்து கொட்டகலை, பத்தனை வழியாகத் தலவாக்கலைக்கு வரும் பெருவீதியில் முதலில் டெவன் அருவியும் பின்னர் சென் கிளேயர் அருவியும் தென்படும். டெவன் 97 மீற்றர் உயரம். சென் கிளேயர் 80 மீற்றர் எனினும் அகலத்தால் கண்ணை நிறைப்பது. 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக அதன் நீர் திருப்பப்பட்டமையால், பழைய பெருக்கை எந்நாளும் எதிர்பார்த்தல் கூடாது. இவ்வழி அழகியதே. ஆனால் பேருந்துகள் வளைவுகளில் விரைந்து வருகின்றன. புதிதாகப் பழகுவோருக்கு இதனை நான் பரிந்துரையேன்.

லிந்துலையிற் பிரிந்து அக்கரப்பத்தனைக்குச் செல்லும் வழியே என் மனத்துக்கு உகந்தது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கு அது. இருபுறமும் கொழுந்து மலைகள், இடையிடையே லயங்கள், ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை மணம் என்று வழி நீளும். வாகனமும் குறைவு. அதினின்று கிளைக்கும் தோட்டப் பாதைகளே இப்பேச்சின் பொருள். அவை கம்பனிகளின் பொறுப்பிலுள்ளவை. உள்ளே செல்வோர் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டுச் செல்வதே முறை.

இப்பாதைகள் இன்று நல்ல நிலையில் இல்லை. பக்கக் கான்கள் தூர்ந்தால் மழைநீர் பாதையின் நடுவே பாய்கிறது; ஒரே பருவத்தில் நூறாண்டு வேலை அரிபட்டுப்போகிறது. 2025 நவம்பரில் வந்த டித்வாப் புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகள் எத்தனை வீதிகளை அறுத்தன என்பதை நேயர்கள் மறந்திரார். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. சட்டத் தடை நீங்கியும் கான் வெட்ட ஆள் வரவேண்டுமல்லவா?

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலும் இத்தகைய நிலை இருந்தது. சியெனா நகரைச் சூழ்ந்த குன்றுகளில், திராட்சைத் தோட்டங்களுக்கிடையே வெண்சரளை பரப்பிய பழைய பாதைகள் உண்டு. அவற்றைத் தார் விழுங்கிவிடும் என்று அஞ்சிய சிலர் 1997இல், கையோலே என்னும் சிற்றூரிலிருந்து பழைய மாதிரித் துவிச்சக்கர வண்டிகளில் அப்பாதைகளைச் சுற்றிவரும் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். லெரோயிக்கா என்பது அதன் பெயர். அது வளர்ந்தது. 2007 முதல் வெண்பாதைகள் என்றே பொருள்படும் பெயருடைய பெரும் பந்தயமும் அங்கு நடைபெறுகிறது. ஓட்டுவோர் வருவதால் பாதைக்கு மதிப்பு, மதிப்பிருப்பதாற் பராமரிப்பு.

நம்மிடத்தும் தொடக்கம் இல்லாமலில்லை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நெடுவழி, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் பழைய தேயிலைப் பாதைகளை இணைத்துள்ளது. அது முதன்மையாக நடப்போருக்கானது. வண்டியோட்டுவோருக்கும் வழிகள் குறிக்கப்பட்டு, வழிகாட்டும் தொழில் லயத்துப் பிள்ளைகளின் கையிற் சேருமாயின், கான் தூர்வதை முதலிற் காண்பவரும் சொல்பவரும் அவர்களாகவே இருப்பர். வேலை தேடிக் கொழும்புக்குப் பேருந்தேறும் என் பழைய மாணவரை நினைத்தே இதனைச் சொல்கிறேன்.

வர விரும்புவோர் தை, மாசி மாதங்களில் வருக. திம்புளைப் பகுதியில் தேயிலையின் சுவை சிறக்கும் வறண்ட காலம் அதுவே, பாதையும் உலர்ந்திருக்கும். வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் வளைவை மறைக்கும். இறக்கத்தில் இரு தடுப்பான்களையும் விட்டுவிட்டு அழுத்துக. இடைவிடாது அழுத்தினால் அவை சூடேறி வலுவிழக்கும். விடியலில் லிந்துலையிலிருந்து புறப்பட்டால், அக்கரப்பத்தனைக் கடைத்தெருவிற் சுடச்சுடத் தேநீரும் ரொட்டியும் கிடைக்கும். அங்கிருந்து டயகம வரை ஏறுவதா திரும்புவதா என்பதை முழங்கால்களைக் கேட்டு முடிவு செய்க.