உட்கார வைக்கும் அன்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அண்டிய குடியிருப்புகளில், இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்பும் மகன் பகலில் அயர்ந்து தூங்கவேண்டுமே என்று ஜன்னலைச் சாத்தி விளக்கையும் அணைத்துவிடுகிற வீடுகள் உண்டு. அந்த அரையிருட்டில், அவன் நித்திரை கலையாதபடி சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்கும் புழக்கடைக்குமாக நடமாடுகிறவள் பெரும்பாலும் அவனைப் பெற்ற தாயாகத்தான் இருப்பாள். அவள் ஒருநாள் இடறி விழுந்துவிட்டால், "வயசாயிடுச்சு, என்ன பண்றது?" என்ற ஒரே வார்த்தையோடு வீட்டார் விசாரணையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் வயோதிகம் தனியே நின்று யாரையும் தள்ளுவதில்லை. பல சிறு காரணங்கள் ஒன்றுகூடியே தள்ளுகின்றன, அவற்றில் பல நம்மால் நீக்கத்தக்கவை.

நிமிர்ந்து நிற்பது என்பது, நாம் அறியாமலே நம் சரீரம் ஓயாது செய்துவரும் வேலை. கண் காண்பதையும், உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவைப் பற்றித் தெரிவிப்பதையும், உள்ளங்காலும் மூட்டுகளும் தரையை உணர்வதையும் மூளை கணந்தோறும் ஒத்துப்பார்த்துக் கால் தசைகளுக்கு ஆணையிடுகிறது. இம்மூன்றில் ஒன்று குன்றினால் மற்ற இரண்டும் இயன்றவரை ஈடுசெய்யும். நெடுநாள் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிற மூதாட்டி, வெளிச்சம் உள்ளவரை கண்ணை நம்பிச் சமாளித்துவிடுகிறாள். விளக்கை அணைத்த மாத்திரத்தில் அந்த ஆதாரமும் அவளை விட்டுப் போகிறது. போதாததற்கு, இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் உண்ணும் மாத்திரைகள் சிலருக்குப் படுக்கையை விட்டு எழுந்ததும் தலைசுற்றலை உண்டாக்கும். எழுந்த 3 நிமிஷத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளி இறங்குமானால் வைத்தியர்கள் அதை ஒரு கோளாறாகவே கொள்கிறார்கள்.

ஸ்திரீகளுக்கு இதில் விசேஷமான அபாயம் உண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை தேய்ந்துபோகக் கூடும். ஆதலால் ஆண்மகன் சிராய்ப்போடு எழுந்துவிடுகிற இடத்தில், பெண்ணுக்கு மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறிந்துபோகிறது. கீழே விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினி தீர்த்தத்தில், அமாவாசை தோறும் வெல்லமும் பாலும் சேர்க்க வரும் பெண்கள் நெரிசலிடையே நனைந்த படிகளில் இறங்குவதைக் காண்போர் "ஐயோ, பார்த்தும்மா!" என்று பதறுவார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஒவ்வொரு படியாகக் கால் பாவித்தான் இறங்குகிறார்கள். பிறர் கைகளும் பக்கத்தில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் குளியலறையின் சோப்புத் தண்ணீரையும், நிலைப்படியின் உயரத்தையும், காலில் சிக்கும் புடவைக் கொசுவத்தையும் பற்றியோ யாரும் பதறுவதில்லை.

ஒரு முறை விழுந்த பிறகு வீட்டில் நிகழ்வதுதான் இவ்விஷயத்தில் மிகவும் யோசிக்கத்தக்கது. "நீ ஒண்ணும் செய்யாத ஆயா, சும்மா உட்காரு" என்று பேத்தி அவள் கையிலிருக்கும் துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறாள். அன்பினால் சொல்லும் அந்தச் சொல்லே, நாளடைவில் தொடைத் தசையை வற்றச்செய்து, நடக்கும் தைரியத்தையும் பறித்து, அடுத்த வீழ்ச்சிக்கு வழிசெய்துவிடுகிறது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடையே நடத்தி 1997-இல் வெளியிடப்பட்ட பரிசோதனை, வீட்டிலேயே காலுக்கு வலுவும் சமநிலையும் தரும் அப்பியாசங்களைச் செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள் என்று காட்டியது. எண்பதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதே இதன் பொருள்.

அப்பியாசங்களும் கடினமானவை அல்ல: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. நாற்காலியை விட்டு எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமானால், விழும் அபாயம் இருப்பதாகக் கருதி வைத்தியரைக் காண்பது நலம். இதைச் சோதிக்கும்போது ஒருவர் அருகில் நிற்கவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளுடன் ஒரு தேசிய மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது.

விழுந்தவளுக்குக் காலை உயர்த்த முடியாமல், பாதம் வெளிப்புறமாகத் திரும்பி, கால் குட்டையாகத் தோன்றினால், எண்ணெய் தேய்ப்பதிலும் புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிப்பதிலும் பொழுதைக் கழிக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். இடுப்பெலும்பு முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிடுவதே உத்தமம்.

வருமுன் காப்பதற்கோ இவ்வளவு பிரயாசை தேவையில்லை. மகன் தூங்கும் அறையை இருட்டாக்கலாம், நடைவழியை இருட்டாக்க வேண்டாம். குளியலறையில் ஒரு கைப்பிடி பதிக்கலாம், கண்ணையும் மாத்திரைச் சீட்டையும் ஆண்டுக்கொருமுறை வைத்தியரிடம் காட்டலாம். துடைப்பத்தை மட்டும் ஆயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் பெருக்கப்போகும் வாசலில் படிந்த பாசியைப் பேத்தி தேய்த்துக் கழுவட்டும்.