தேசப்படத்தின் மறுபுறம்

போருக்கென வரைந்த தேசப்படம், போர் முடிந்தபின் எதற்கு உதவும்? லாட்வியாவின் முதல் தபால் தலை இதற்கு விடை கூறுகிறது. 1918 நவம்பர் 18-ந் தேதி அந்நாடு விடுதலையை அறிவித்தது. தபால் தலை வேண்டும். அச்சிடக் காகிதமோ இல்லை. ஜெர்மன் ராணுவத் தேசப்படங்கள் கிடந்தன. அவற்றின் மறுபுறம் வெறுமையாயிருந்தது. அதன்மேல் அச்சிட்டு, டிசம்பர் 18-ந் தேதியே வெளியிட்டனர்.

ஓவியர் அன்ஸிஸ் ஸீருலிஸ் அமைத்த சித்திரத்தில் சூரியனும், மூன்று தானியக் கதிர்களும், மூன்று விண்மீன்களும் விளங்குகின்றன. திருப்பிப் பார்த்தால், சாலையிலோ ஆற்றிலோ ஒரு துண்டு தென்படும். அத்துண்டுகளைப் பொருத்திப் பழைய படத்தை உருவாக்குவதில் சேகரிப்போர் இன்றும் இன்பம் காண்கின்றனர்.

படை நடத்தப் பயன்பட்ட தாளில் கதிர் விளைந்தது கண்டு நாம் மகிழ்கிறோம். புதுக் காகிதம் வரட்டுமென்று அம்மக்கள் காத்திருக்கவில்லை. கையிலிருந்ததைப் புரட்டிப் பார்த்தனர். சிக்கனம் என்பது இதுவே.