ஹோண்டுராசுக்குச் சோறு போடும் ஊர்

"தெகுசிகால்பா யோசிக்கும், சான் பெட்ரோ சூலா உழைக்கும், லா சேய்பா கொண்டாடும்" என்று ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. முதலாவது தலைநகரம். கடைசி, திருவிழாவுக்குப் பேர்போன கடற்கரைப் பட்டணம். நடுவிலுள்ளதுதான் மத்திய அமெரிக்காவின் அந்தச் சிறிய நாட்டுக்குச் சோறு போடும் ஊர்.

1536-ல் ஸ்பானியர் நிறுவிய இவ்வூர் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் சிற்றூராகவே கிடந்தது. அதன் தலையெழுத்தை மாற்றியது வாழைப்பழம். வண்டல் படிந்த சூலா பள்ளத்தாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் தோட்டம் போட்டன. நிலம், ரயில், கப்பல் எல்லாம் கம்பெனியுடையவை. வியர்வை மட்டும் ஹோண்டுராஸ்காரருடையது.

69 நாள் வேலைநிறுத்தம்

1954-ல் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை கப்பலில் பழம் ஏற்றியதற்கு இரட்டைக் கூலி கேட்டனர் துறைமுகத் தொழிலாளர். கம்பெனி மறுத்தது. பொறி தோட்டங்களுக்குப் பரவி, 25,000 பேருக்குக் குறையாமல் வேலையை நிறுத்தினர். நகரத் தொழிற்சாலைகளிலும் இயந்திரங்கள் நின்றன. 69 நாட்களுக்குப் பின் கிடைத்த கூலி உயர்வு சொற்பமே. ஆனால் சங்கம் வைக்கும் உரிமைக்கு அதுவே அடித்தளம். 1959-ல் அதிபர் வில்யேடா மொராலெஸ் காலத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பிறந்தது. நகரின் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாழைக்குப் பின் வந்தது தையல். 1976-ல் அருகிலுள்ள கோர்ட்டெஸ் துறைமுகத்தில் சுங்கவரியற்ற மண்டலம் ஏற்பட்டது; பின்னர் நகரைச் சுற்றிலும் ஆயத்த ஆடை ஆலைகள் முளைத்தன. நூலும் துணியும் அமெரிக்காவிலிருந்து வரும். பனியனாகவும் சட்டையாகவும் அங்கேயே திரும்பும். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். நாளுக்கு இத்தனை டஜன் என்று கணக்கு.

இத்தனை சம்பாதிக்கும் ஊரில் நிம்மதி இல்லை. 2010-களின் தொடக்கத்தில் கொலை விகிதத்தில் உலகிலேயே முதலிடம் என்ற அவப்பெயர் வந்தது. பெட்டிக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் ரவுடிக் கும்பலுக்கு மாமூல் கட்ட வேண்டும். 2018 அக்டோபரில் இவ்வூர் பஸ் நிலையத்திலிருந்துதான் ஒரு கூட்டம் அமெரிக்காவை நோக்கி நடந்தது. வழியில் அது ஆயிரக்கணக்காகப் பெருகிற்று. வெளிநாடு சென்றவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், அண்மை ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சமம். பனியனை மட்டுமா, ஆளையும் ஏற்றுமதி செய்கிறது ஹோண்டுராஸ்!

2020 நவம்பரில் இரு வாரங்களுக்குள் இரண்டு புயல்கள் பள்ளத்தாக்கை மூழ்கடித்தன. விமான நிலையமே நீரில் கிடந்தது. வீடிழந்தவர்கள் 2021 ஜனவரியில் மறுபடி மூட்டை கட்டினர். குவாத்தமாலாவில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களை மறித்தன.